மேகம் மூடும்போது இலையில் என்ன நடக்கிறது: காட்டுப் பூவரசில் கட்டிய அளவுக் கருவி

நீலகிரியில் 2000 மீட்டருக்கு மேலே, புல்வெளி நடுவில் ஒரு மரம் தனியாக நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் காட்டுப் பூவரசுதான். மற்ற சோலை மரங்கள் பள்ளத்தோடு, ஓடையோடு நின்றுவிடும். இது மட்டும் வெளியே வந்து, மறைப்பே இல்லாத சரிவில் வெயிலையும் உறைபனியையும் வாங்கிக்கொண்டு நிற்கும். இமயமலையில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானின் தெற்கத்திக் கிளை இது. இதன் இலை மேகம் வரும்போதும் விலகும்போதும் எந்த வெப்பத்தில் இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று அளந்து பார்க்க ஒரு கருவி கட்டினேன். வைத்த இடம் உதகைப் பக்கம் நண்பர் ஒருவரின் பட்டா நிலம், தேயிலைத் தோட்டத்தின் ஓரம். காப்புக்காட்டுக்குள் இப்படி எதையும் மாட்ட வனத்துறை அனுமதி வேண்டும். வீட்டு நிலத்தில் மரம் இருந்தது வசதியாகப் போயிற்று.

மேகம் என்றால் வெளிச்சம் குறையும், வெளிச்சம் குறைந்தால் ஒளிச்சேர்க்கையும் குறையும் என்றுதான் முதலில் தோன்றும். தடித்த மேகத்துக்கு அது சரி. ஆனால் பெரும்பாலான மலைத் தாவரங்களின் இலை, முழு வெயிலில் கால் பங்கிலிருந்து பாதிக்குள்ளேயே தன்னால் பயன்படுத்த முடிந்த அளவை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் விழும் வெளிச்சத்தால் உணவு உற்பத்தி அவ்வளவாகக் கூடுவதில்லை. இலை சூடாவதுதான் மிச்சம். அப்படியென்றால் மெல்லிய மேகம் பறிப்பது பெரும்பாலும் உபரியைத்தான். பதிலுக்கு இலையின் வெப்பத்திலும் நீர்ச் செலவிலும் அது செய்கிற மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

ஒளிச்சேர்க்கையை நேரடியாக அளக்கும் கருவிகள் லட்சக்கணக்கில் விலை. அதனால் அளக்க முடிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: வெளிச்சம், காற்றின் வெப்பமும் ஈரப்பதமும், இலையின் வெப்பம், தொட்டிச் செடி ஒன்றின் எடை.

மூளைக்கு இஎஸ்பி32, நேரத்துக்கு டிஎஸ்3231, சேமிக்க எஸ்டி கார்டு. இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான், விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு நொடிக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். பத்து நிமிடச் சராசரி எடுத்தால் மேகம் கலைந்து கலைந்து வரும் நாளும், ஒரே சீராக வானம் மங்கியிருக்கும் நாளும் ஒரே எண்ணாகத் தெரியும். இலைக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறு நாட்கள்.

வெளிச்சத்துக்குப் பிஎச்1750 என்ற ஒளி சென்சார் போதும், ஆனால் அப்படியே வைக்க முடியாது. வாங்கியபடி பயன்படுத்தினால் 54,612 லக்ஸோடு அது நின்றுவிடும். மலையில் தெளிந்த நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தாண்டும். அளக்கும் நேரத்துக்கான பதிவேட்டின் மதிப்பை 69-லிருந்து 31-க்குக் குறைத்தால் 1,20,000 வரை போகும். அதுவும் எனக்குப் போதவில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பல அடுக்காக ஒரு வளையத்தின் மேல் இழுத்துக் கட்டி, அதன் அடியில் சென்சாரை வைத்தேன். இதனால் வெளிச்சம் குறைந்து உள்ளே போகிறது, சூரியன் சாய்வாக இருக்கும்போதும் அளவு ஒழுங்காக வருகிறது. இரவல் வாங்கிய லக்ஸ் மீட்டர் பக்கத்தில் வைத்து ஒரு பகல் முழுக்க ஒப்பிட்டு, பெருக்க வேண்டிய எண்ணைக் கண்டுபிடித்தேன். சூரிய வெளிச்சத்தில் 54 லக்ஸுக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமோல் ஒளித்துகள் (சதுர மீட்டருக்கு, நொடிக்கு) என்று வைத்தால், இலை பயன்படுத்தும் ஒளியின் அளவு கிடைக்கும். தட்டு சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் காலை அளவும் மாலை அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஈரப்பதத்துக்கு டிஎச்டி22 வேண்டாம். மேகத்துக்குள்ளேயே நாள் கணக்கில் இருக்கும் இடத்தில் அது தாங்காது. அதற்குப் பதில் நான் வைத்த எஸ்எச்டி31-க்குள் ஒரு சின்ன சூடேற்றி இருக்கிறது. மணிக்கு ஒருமுறை சில நொடி அதை இயக்கி, மேலே படிந்த ஈரத்தை விரட்டலாம். அப்புறம் சென்சார் ஆறும்வரை வரும் அளவுகளை ஒதுக்கிவிட வேண்டும். வெயில் படாமல் இருக்க வெள்ளை பிளாஸ்டிக் சாசர்களை இடைவெளி விட்டு அடுக்கி, உள்ளே தொங்கவிட்டேன்.

அதிக வேலை வாங்கியது இலையின் வெப்பம். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு சென்சாரை இலைக்குப் பக்கத்தில் வைத்தால், அதன் அகலப் பார்வையில் வானமும் மண்ணும் சேர்ந்துவிடும். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் நுனியை இணைத்து வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள்தான் சரி. அதைப் படிக்கக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மேக்ஸ்6675 சிப் பூஜ்யத்துக்குக் கீழே படிக்காது. உறைபனியைப் பார்க்கப் போகிறவருக்கு அதனால் பயனில்லை. மேக்ஸ்31856 வாங்கி, டி வகைக் கம்பியைச் சேர்த்தேன். டி வகை என்பது செம்பும், செம்பு-நிக்கல் கலவையான கான்ஸ்டன்டனும். வீட்டு சால்டரிங் அயர்னிலேயே நுனி நன்றாகப் பற்றும். கே வகையில் சாதாரண ஈயம் ஒட்டாமல் உருளும். 0.1 மில்லிமீட்டர் கம்பி இரண்டையும் ஒரு சுற்று முறுக்கி, ஈயம் தொட்டு, மிச்சத்தை வெட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஒரு புள்ளிதான் இருக்கும். எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. புள்ளி பெரிதானால் அது இலையின் வெப்பத்தைக் காட்டாது, தன் வெப்பத்தையே காட்டும்.

சரிபார்க்க ஃபிளாஸ்கில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, இரண்டு தெர்மோகப்பிள்களையும் ஒன்றாக இறக்கினேன். பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறதோ அதை நிரலில் கழித்துவிட்டேன். கொதிநீரை அளவாக வைக்க நினைத்தால் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். உதகையின் 2240 மீட்டரில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இலையில் பொருத்துவதுதான் நுணுக்கமான இடம். காட்டுப் பூவரசின் இலை மேல்பக்கம் தடித்து, கரும்பச்சையாக, வழவழப்பாக இருக்கும். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு நிற நுண்மயிர். காற்றும் நீராவியும் போய்வரும் இலைத்துளைகள் அந்த மயிர்க் கம்பளத்துக்குள்தான் இருக்கின்றன. மயிரின் மேல் புள்ளியை வைத்தால் இலைக்கும் காற்றுக்கும் நடுவே ஏதோ ஒரு வெப்பம் காட்டும். சுரண்டி எடுத்தால் இலையின் தன்மையே மாறிவிடும். அதனால் நடு நரம்பை ஒட்டிய இடத்தில் தையல் ஊசியின் மழுங்கிய முனையால் மயிரை மட்டும் இருபக்கமும் விலக்கி, புள்ளியை உள்ளே அமுக்கினேன். கம்பி சில சென்டிமீட்டர் தூரம் இலையை ஒட்டியே போகிற மாதிரி விட்டு, காம்புப் பக்கம் மைக்ரோபோர் டேப்பால் பிடித்தேன். செம்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தும் என்பதால் இப்படி ஒட்டவிடுவது அவசியம். காற்றில் தொங்கும் கம்பி வழியே புள்ளி குளிர்ந்துவிடும்.

தொட்டிச் செடி விஷயம் எளிது. நர்சரியில் வாங்கிய காட்டுப் பூவரசுக் கன்று, மண் மேல் பாலித்தீன் சுற்றித் தண்டோடு கட்டியது. மண்ணிலிருந்து ஆவி போக வழியில்லை. எடை குறைந்தால் அது இலை விட்ட தண்ணீர். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். காற்று அடித்தால் எண் ஆடும் என்பதால் சுவர் மூலையில் வைத்தேன்.

பருவமழை மேகம் இறங்கியதும் கருவி மக்கர் செய்ய ஆரம்பித்தது. இலை வெப்பம் திடீரென்று எட்டுப் பத்து டிகிரி குதிக்கும், உடனே சரியாகும், பிறகு கம்பி அறுந்துவிட்டது என்று சொல்லும். மழை நேரத்தில் இல்லை. மேகம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அதிகம். பெட்டியைத் திறந்தால் உள்ளே துளி நீர் இல்லை. ஆனால் திருகு முனையில் செம்புக் கம்பி நுழையும் இடத்தில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஈரம் படிந்து மின்சாரம் கசிகிறது, முனையே அரிக்கிறது. தெர்மோகப்பிள் தருவது மைக்ரோவோல்ட் கணக்கிலான அழுத்தம் என்பதால் அந்தக் கசிவே போதும். திருகு முனைகளைப் பிடுங்கிவிட்டு, கம்பியை நேராகப் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்தேன். கம்பி நுழையும் துளைக்கு சிலிக்கான் பசை. வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தொடாதீர்கள், அது செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டேன். அதன் பிறகு குதிப்பு வரவில்லை.

குளிர்கால இரவுக்கு இன்னொரு மாற்றமும் வேண்டியிருந்தது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும். அதிகாலை வெயில் சோலார் தகட்டில் பட்ட உடனே சார்ஜ் ஏறத் தொடங்கும். பெட்டிக்குள் அப்போது உறைநிலையே இருக்கலாம். பெட்டிக்குள் 5 டிகிரி தாண்டிய பிறகே சார்ஜ் இணைப்பைக் கொடுக்கும்படி ஒரு மாஸ்ஃபெட்டை சுவிட்சாக வைத்தேன்.

இனி அளவுகள்.

தெளிந்த முற்பகலில் காற்று 16 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், வெளிச்சம் 1,10,000 லக்ஸ் இருக்கும்போது, காற்று லேசாக இருந்தால் இலை 26 டிகிரிக்கு ஏறுகிறது. அதே முற்பகலில் உயரத்தில் மெல்லிய மேகம் பரவி வெளிச்சம் 50,000-க்கு வந்தால் காற்று 15.5-க்கும் இலை 17 டிகிரிக்கும் இறங்கிவிடுகின்றன, இலை காற்றைவிட ஒன்றரை டிகிரிதான் அதிகம். பார்க்க இது வெறும் வெப்ப மாற்றம்தான். ஆனால் இலையைப் பிழிந்து தண்ணீர் எடுப்பது, இலைக்குள் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் காற்றில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். 26 டிகிரியில் இலைக்குள் 3.36 கிலோபாஸ்கல், வெளியே 1.09. வித்தியாசம் 2.27. மேகத்தின் கீழே, ஈரப்பதம் 70 சதவீதமாகக் கூடியிருக்கும்போது, இலைக்குள் 1.94, வெளியே 1.23. வித்தியாசம் 0.71. அதாவது வெளிச்சம் பாதிக்குச் சற்றுக் கீழே போனபோது தண்ணீர் இழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அந்த 50,000 லக்ஸிலும் இலைக்குத் தேவையான ஒளி ஏறக்குறைய இருக்கிறது. ஒரே அளவு உணவுக்குச் செலவாகும் தண்ணீர் வெகுவாகக் குறைகிறது.

தராசும் அதையே சொன்னது. கன்று வெயிலில் மணிக்கு ஏழெட்டு கிராம் இழந்தது, மெல்லிய மேகத்தில் இரண்டு மூன்று கிராம்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ராக்கி மலைகளைச் சேர்ந்த மெடிசின் போ மலைத்தொடரில் வில்லியம் ஸ்மித்தும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980-களிலிருந்து இதே கேள்வியைக் கேட்டு வந்தார்கள். ஊசியிலைக் காட்டின் அடியில் வளரும் அகன்ற இலை ஆர்னிகா என்ற செடியை எடுத்து, மேகமுள்ள நாளிலும் இல்லாத நாளிலும் அதன் ஒளிச்சேர்க்கையையும் நீராவிப்போக்கையும் 1983-லேயே ஒப்பிட்டார்கள். ராக்கி மலையில் கோடைக் காலை தெளிவாக இருக்கும், பிற்பகலில் மேகம் கூடும். அங்குள்ள செடிகளின் நாள் அந்த ஒழுங்கில்தான் நகர்கிறது. நம் மலையில் ஏப்ரல், மே மாதங்களில் கிட்டத்தட்ட அதே கணக்கு. ஜூனுக்குப் பிறகு கதை வேறு, நாள் முழுக்க மேகத்துக்குள்ளேயே இருக்கிறோம்.

மேகத்துக்குள் இருப்பதும் மேகத்துக்குக் கீழே இருப்பதும் இலைக்கு ஒன்றல்ல. அடர்ந்த மூட்டத்தில் வெளிச்சம் 10,000 லக்ஸ் பக்கம் விழுகிறது. அப்போது உண்மையாகவே ஒளிப் பஞ்சம்தான். கூடவே இலை நனைகிறது. இலைத்துளை மேல் நீர்ப்படலம் படிந்தால் கரியமில வாயு உள்ளே போவது பெரும்பாடு, ஏனென்றால் காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். இங்கேதான் அந்த அடிப்பக்க மயிரின் அருமை எனக்குப் புரிந்தது. மேல்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும் இலையைத் திருப்பிக் கைலென்ஸில் பார்த்தால், திவலைகள் மயிர் நுனியிலேயே நிற்கின்றன, அடியில் தோல் உலர்ந்திருக்கிறது. இந்த நாட்களில் தராசு ஏறவும் செய்தது. இலை மேல் படிந்த நீரின் எடை அது. அதில் இலை உறிஞ்சியது ஏதாவது உண்டா என்று இந்தத் தராசால் பிரித்துச் சொல்ல முடியாது. வேறு மேகக் காடுகளில் இலை வழியாகவே நீர் உள்ளே போவதை அளந்து காட்டியிருக்கிறார்கள் என்பதால் கேள்வியைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த 1,20,000 லக்ஸ் விஷயம். மேகம் துண்டு துண்டாக ஓடும் நாளில், சூரியன் மேகத்தின் விளிம்பிலிருந்து வெளிப்படும் நொடிகளில் வெளிச்சம் 1,30,000-ஐத் தாண்டியது. மேகமே இல்லாத நண்பகலைவிட அதிகம். நேர் வெயிலோடு, பக்கத்து மேகங்கள் சிதறடிக்கும் ஒளியும் சேர்ந்துகொள்வதால் இப்படி ஆகிறது. அந்த நொடிகளில் இலை மளமளவென்று சூடேறுகிறது, ஒரு நிமிடத்துக்குள் பெரும்பகுதி ஏறிவிடுகிறது. ஆனால் இலைத்துளை அவ்வளவு வேகமாக அசையாது. திறக்கவும் மூடவும் பல நிமிடங்கள் எடுக்கும். மேகம் வந்ததும் மூட ஆரம்பித்த துளை, வெயில் திரும்பும்போது பாதி மூடியிருக்கும். ஒளி இருந்தும் உள்ளே கரியமில வாயு போதாது. மூடாமல் இருந்தால் திடீர் வெயிலில் தண்ணீர் வீணாகும். எந்தப் பக்கம் போனாலும் இழப்புதான். வயோமிங் செடிகளில் மென்தண்டுச் செடிகள் ஒளியைப் பின்தொடர்ந்து துளையைத் திறந்து மூடுவதையும், மரத்தன்மை கொண்டவை அவ்வளவாக அசைக்காமல் வைத்திருப்பதையும் ஸ்மித்தும் ஆலன் நேப்பும் பார்த்தார்கள். காட்டுப் பூவரசு மரம்தான். என் தராசும் மேகத் துண்டுகளுக்கு ஏற்பக் குறுகிய நேரத்தில் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத தராசை வைத்து இதற்கு மேல் பேசக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த பதிவு இரவில் கிடைத்தது. டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் இரவுகளில் இலை காற்றைவிட மூன்று, நான்கு டிகிரி குளிர்ந்துபோகிறது. காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே இலை பூஜ்யத்துக்குக் கீழே. 5 டிகிரியில் உள்ள ஓர் இலை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 340 வாட் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுகிறது. தெளிந்த மலை வானம் திருப்பித் தருவது 240 வாட் அளவே. தாழ்ந்த மேகம் இருந்தால் போனதில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடும். ஓர் அதிகாலை 3 மணிக்குச் சற்று முன் மேகம் நகர்ந்து வந்தது வரைபடத்தில் அப்படியே தெரிகிறது. சூரியன் இல்லை, காற்றின் வெப்பம் பெரிதாக மாறவில்லை, இலை மட்டும் சில நிமிடங்களில் மூன்று டிகிரி ஏறி, காற்றோடு சேர்ந்துகொண்டது.

இதைச் சரிபார்க்க நானே ஒரு பொய் மேகம் செய்தேன். பக்கத்துக் கிளையின் இலைக்கு ஒரு முழம் மேலே தெர்மகோல் பலகை ஒன்றைக் கட்டிவிட்டேன். காற்று எல்லாப் பக்கமும் போய்வரும், வானம் மட்டும் தெரியாது. தெளிந்த இரவுகளில் அந்த இலை திறந்த இலையைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாகவே இருந்தது. உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மூடுவார்களே, அதே வேலைதான்.

குளிரோடு விஷயம் முடிவதில்லை. உறைந்த இரவுக்குப் பிறகு மேகமில்லாத காலை வந்தால், குளிர்ந்த இலை மேல் முழு வெயில் விழுகிறது. குளிரில் நொதிகள் மெதுவாகிவிடும், ஆனால் பச்சையம் ஒளியைப் பிடிப்பது மெதுவாகாது. செலவழிக்க வழியில்லாத ஆற்றல் இலையின் ஒளிச்சேர்க்கை அமைப்பையே சேதப்படுத்தும். மேத்யூ ஜெர்மினோவும் ஸ்மித்தும் 1999-ல் மர எல்லையில், அதாவது அதற்கு மேல் மரம் வளராத உயரத்தில், ஊசியிலைக் கன்றுகளை வைத்து இதைத்தான் காட்டினார்கள்: வானத்துக்கு எவ்வளவு திறந்து நிற்கிறதோ அவ்வளவு பாதிப்பு. காலை மூட்டம் ஒரு மணி நேரம் தங்கினாலே இலை இளஞ்சூட்டுக்கு வந்த பிறகுதான் வெயிலைச் சந்திக்கும். நீலகிரியில் சோலை மரங்கள் புல்வெளிக்குள் பரவாமல் நிற்பதற்கு உறைபனி ஒரு முக்கியக் காரணம் என்பது நெடுநாள் விளக்கம். அண்மையில் கன்றுகளை நட்டுப் பார்த்த ஆய்வும் அதையே ஆதரித்தது. குளிர்காலத்தில் இரவு மேகம் கூடினாலோ குறைந்தாலோ அந்த எல்லை அசையும். வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. வானத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

இதே மாதிரி கட்ட நினைப்பவர்களுக்கு, நான் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நேர் வெயிலும் சிதறிய ஒளியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சிதறிய ஒளி கிளைகளுக்கு நடுவே புகுந்து உள் இலைகளுக்கும் போகும் என்பதால் மரம் முழுவதற்குமான கணக்கே மாறும். 1991-ல் பினாட்டுபோ எரிமலை வெடித்து வானில் நுண்துகள்கள் பரவிய பிறகு, அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் தெளிந்த நண்பகல்களில் ஒளிச்சேர்க்கை கூடியதற்கு இதைத்தான் காரணம் சொன்னார்கள். அதற்காக இரண்டாவது பிஎச்1750 ஒன்றை வைத்து, பிவிசி குழாயிலிருந்து வளைவாக அறுத்த பட்டைக்குக் கறுப்பு மேட் பெயின்ட் அடித்து, கிழக்கு மேற்காகச் சென்சாருக்கு மேல் நிறுத்தியிருக்கிறேன். சூரியன் நாள் முழுக்கப் பட்டைக்குப் பின்னாலேயே நகரும். சென்சாருக்கு வானத்தின் ஒளி மட்டும் கிடைக்கும். பட்டை மறைக்கும் வானத்துக்காக அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். மார்ச், செப்டம்பரில் சூரியப் பாதை நாளுக்கு 0.4 டிகிரி நகரும் என்பதால் பட்டையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தள்ளிவைக்க வேண்டியிருக்கும். டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் தொடாமல் விடலாம்.